நிலவுக்கு ஒருதரம்

புத்தகம் பத்தாயிரம் என்கிறது.
பொலித்தீன் உறையோடு டாஷ்போர்டில் கிடக்கிற,
புது மணம் மாறாத புத்தகம்.
எழுதினவர் குச்சவெளிக் கரையில்
ஐஸ் கரையக் கரைய
வள்ளம் பார்த்து நின்றிருக்கமாட்டார்.

கொம்பனிக்காரன் ஐயாயிரம் என்றான்,
ரசீதை அடித்து முடித்துவிட்டு.
லீசிங் கந்தோர் கஜமுகனோ
தவணைத் திகதியைத் தவிர
வேறு இலக்கம் தனக்குத் தெரியாது என்றான்.
அவன் ஒருத்தன்தான் உண்மை பேசினவன்.

முதல் ஆயிரம் முடிந்த கிழமை
பிக்கப்பைக் கிண்ணியாவுக்கு எடுத்தேன்.
சீனக்குடாவில், பற்றைக்குள்,
வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கிகள்
யானைக்கூட்டம் படுத்த மாதிரி.
அவ்வளவு தாங்கிக்குப் பக்கத்தால்
ஏழு லீற்றரை நினைத்துக்கொண்டு போனேன்,
விலையைத்தான் நினைத்தேன்.

லாபிர் வண்டிக்குக் கீழே மல்லாந்தான்.
ஆணி கழன்றதும்
சூட்டோடு இறங்கியது ஒயில்,
ஓட்டை வாளிக்கு மாற்றாய் வைத்த தாச்சிக்குள்.
புத்தம்புது வண்டி, இவ்வளவு கெதியாவா என்று
முணுமுணுத்தபடி நின்றேன்.
அவன் தாச்சியை வெயிலுக்குச் சரித்தான்.
உள்ளே மினுமினுப்பு.
சூடைச் செதிலை அரைத்துத் தூவினது போல,
இல்லை, அதைவிடப் பொடி.
"இரும்பு ஒண்டையொண்டு தேய்ச்சு
இடம் பிடிக்குது அக்கா.
இத உள்ளுக்க விட்டா
பிறகு இதுவே அரம்."

புஷ்பரதி நினைவுக்கு வந்தாள்.
வண்டியில் பாதிக் காசு அவளுடையது.
யார் ஓட்டுவது, யார் கணக்கு எழுதுவது,
தம்புள்ளையில் பாரை என்ன விலை போனது,
நான் சொன்னதா, துண்டு சொன்னதா என்று
மூன்று மாதம் நாங்கள் தேய்ந்த தேய்ப்பில்
எவ்வளவு வெள்ளி உதிர்ந்திருக்கும்.
அதற்கு அடியில்
திறக்கிற ஆணி ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிரவு அவள் வீட்டு விறாந்தையில்
கொப்பியை விரித்தோம்.
போக நூற்று நாற்பது, வர நூற்று நாற்பது.
சந்தை வாசலில் வரிசையில் நின்றபடி
எஞ்சின் உறுமுகிற மணித்தியாலங்கள்
மீற்றரில் ஏறாது.
"ஏறாத வேலைதான் ஆளைத் தின்னுறது" என்றாள் அவள்,
வண்டியைச் சொன்னாளோ
மூன்று பிள்ளைக்குச் சமைத்துவிட்டு வந்ததைச் சொன்னாளோ.
உப்புக்காற்று, மணல், கந்தளாய் வெக்கை,
பெட்டி நிறைய ஐஸின் பாரம்.
பத்தாயிரத்தை வெட்டினாள்.
பென்சில் முறிந்தது.

நிலவு காலத்தில்
வள்ளங்கள் லைற் கட்டிப் போவதில்லை.
வானமே ஒரு பெரிய லைற்றாய் எரியும்போது
கடலில் எவன் விளக்குக்கு மீன் கூடும்?
அந்தப் பத்து நாளும் பிக்கப்புக்கு வேலையில்லை,
தவணைக்கு மட்டும் லீவு இல்லை.
மிச்ச நாளில் பதினெட்டு நடை.
பெருக்கினாள்: ஐயாயிரத்து நாற்பது.
"நாற்பது கூடிப்போச்சே" என்றேன்.
"பரவாயில்லை."
அவள் வாயில் அந்தச் சொல்லை
அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

ஆகவே,
யாராவது கேட்டால்
கிலோமீற்றர் சொல்வதில்லை நாங்கள்.
பறுவத்துக்கு முதல் நாள் லாபிரிடம்.
ஒயில், பில்டர், ஒரு பிளேன்டீ.
ஒருக்கால் மழை மூடி நிலவு தெரியவில்லை,
மீன் பட்டது, ஓடினோம்,
ஆறாயிரத்து முந்நூறு.
லாபிர் குச்சியை இழுத்துத் துடைத்து
என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுதமாட்டேன்.

இறக்கின ஒயில் வீண்போவதில்லை.
அருமைத்துரை கான் கொண்டுவந்து வாங்கிப்போய்
வாடியின் கால்களுக்குப் பூசுகிறான், கறையானுக்கு.
விடிய நாலு மணிக்கு
ஹெட்லைற் அந்தக் கால்களில் விழும்.
எட்டுக் கால்.
ஆறு கறுத்துவிட்டது,
இரண்டு இன்னும் வெறும் மரம்.